மட்ரிட்டில் மூடிய வழக்கு, ஜெனீவாவில் திறந்திருக்கும் கோப்பு

சனி, ஞாயிறு வந்தால் பெங்களூரிலிருந்து குடகுக்குக் கிளம்பும் கார்கள் மைசூரைத் தாண்டி, குஷால்நகருக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் தவறாமல் நிற்கும். அந்த இடம் பைலகுப்பே. பொற்கோயில் என்று எல்லோரும் சொல்லும் நம்ட்ரோலிங் மடத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், மோமோ சாப்பிட்டுவிட்டு மலை ஏறிவிடுவார்கள். 1960இல் அன்றைய மைசூர் மாநில அரசு கொடுத்த காட்டு நிலத்தைத் திருத்திச் சோளம் விதைத்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும்தான் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். முண்ட்கோடு, ஹுன்சூர், கொள்ளேகால் என்று கர்நாடகத்தின் மற்ற திபெத்தியக் குடியிருப்புகளிலும் இதே கதைதான்.

திபெத்தில் நடந்தவற்றுக்காகச் சீனாவின் முன்னாள் அதிபர் மீதே ஒரு நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது என்பது அந்தக் கார்களில் வருபவர்களில் பலருக்குத் தெரியாது. 2013 நவம்பரில் ஸ்பெயினின் தேசிய நீதிமன்றம் ஜியாங் ஜெமின், முன்னாள் பிரதமர் லி பெங் உள்ளிட்ட ஐந்து தலைவர்களைப் பிடிக்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் அந்த வழக்கையே மூடிவிட்டது. இடையில் இருந்தவை ஏழு மாதங்கள். அந்த ஏழு மாதங்களில் புதிய சாட்சி எதுவும் வரவில்லை, பழைய சாட்சியம் எதுவும் பொய்யென்று ஆகவில்லை. மாறியது ஸ்பெயினின் சட்டம். சட்டத்தை மாற்றியது அந்நாட்டு அரசியல்.

மட்ரிட்டுக்கும் திபெத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். இனப்படுகொலை, சித்திரவதை போன்ற குற்றங்கள் எங்கே நடந்தாலும், யார் செய்தாலும், ஸ்பெயின் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 1985ஆம் ஆண்டின் ஸ்பானியச் சட்டம் ஒன்று சொன்னது. சட்ட உலகில் இதை உலகளாவிய நியாயாதிக்கம் என்பார்கள். சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே 1998 அக்டோபரில் லண்டன் மருத்துவமனையில் இருந்தபோது கைதானது, இந்தச் சட்டத்தின் கீழ் ஸ்பெயின் நீதிபதி பல்தசார் கார்சோன் அனுப்பிய ஆணையால்தான். 2005இல் திபெத் ஆதரவுக் குழு ஒன்று இதே வாசலில் போய் நின்றது. 2006 ஜனவரியில் வழக்கு ஏற்கப்பட்டது. பல ஆண்டுகள் சிறையில் வதைபட்ட திபெத்தியர்கள் மட்ரிட் வந்து நீதிபதி முன் சாட்சி சொன்னார்கள்.

முதல் அடி 2009இல் விழுந்தது. பாதிக்கப்பட்டவர்களில் ஸ்பெயின் குடிமகன் இருந்தாலோ, ஸ்பெயினோடு வேறு தொடர்பு இருந்தாலோதான் விசாரிக்கலாம் என்று சட்டத்தைச் சுருக்கினார்கள். அப்படியும் வழக்கு பிழைத்தது. முறையீட்டாளர்களில் ஒருவரான துப்தென் வாங்சென் என்ற துறவி ஸ்பெயின் குடியுரிமை பெற்றவர். 2014 பிப்ரவரியில் நீதிபதி இஸ்மாயில் மொரேனோ இன்டர்போலுக்கு உத்தரவு அனுப்பியதும் பெய்ஜிங் வெளிப்படையாகக் கொதித்தது. நிதி நெருக்கடியில் தத்தளித்த ஸ்பெயினின் கடன் பத்திரங்களைப் பெருமளவில் வாங்கிக் கைகொடுத்த நாடு சீனா. மார்ச் மாதமே நியாயாதிக்கத்தை இன்னும் சுருக்கும் புதிய சட்டம் நிறைவேறியது. நிலுவையில் இருந்த வழக்குகளையும் அது விழுங்கிவிட்டது.

சட்டத்தில் அரசியல் உட்காரும் மூன்று இடங்கள்

பன்னாட்டுக் குற்றவியல் சட்டத்தில் அரசியல் கலந்துவிட்டது என்று புலம்புவோர், அது ஒரு காலத்தில் தூய்மையாக இருந்தது போலப் பேசுகிறார்கள். அப்படி ஒரு காலம் இருந்ததில்லை. உள்நாட்டுக் குற்றம் என்றால் காவல் நிலையம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, சிறை இருக்கிறது. உலகத்துக்குப் பொதுவாகக் காவல் நிலையம் கிடையாது. ஆகவே நீதிமன்றத்தை யார் அமைப்பது, எந்த வழக்கை அதன் முன் வைப்பது, குற்றம் சாட்டப்பட்டவரை யார் பிடித்துக் கொடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அரசுகளின் கையில் இருக்கிறது.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஓர் இந்தியர் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டோக்கியோவில் 11 நாடுகளின் நீதிபதிகள் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்தார்கள். கல்கத்தாவிலிருந்து போன ராதா வினோத் பால், 1948இல் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில், குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்றார். வென்றவர் வகுத்த சட்டத்தில் தோற்றவருக்கு மட்டுமே கூண்டு இருப்பது அவர் மனத்தை உறுத்தியது. ஹிரோஷிமாவில் குண்டு போட்டவர்கள் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. ஜப்பானியப் படை செய்த கொடுமைகள் நடந்தவை என்பதைப் பாலும் மறுக்கவில்லை. பிற்கால ஜப்பானிய தேசியவாதிகள் அவர் தீர்ப்பைத் தங்கள் கேடயமாக்கிக்கொண்டார்கள். நீதியில் கலந்த அரசியலைக் கண்டித்த தீர்ப்பு, பின்னால் வேறொரு அரசியலுக்கு ஆயுதமாயிற்று.

ருவாண்டா விவகாரத்தில், தீர்ப்பாயத்தின் அமைப்பிலேயே இந்த அரசியல் தெரிந்தது. 1994இல் அங்கு நடந்த இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. பாதுகாப்பு அவை ஒரு தீர்ப்பாயம் அமைத்தது. டர்பனில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த தென்னாப்பிரிக்கத் தமிழர் நவி பிள்ளை அதன் நீதிபதிகளில் ஒருவர். தாபா என்ற ஊரின் மேயராக இருந்த அகாயேசு மீதான குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை முதலில் இடம்பெறவே இல்லை. சாட்சிக்கு வந்த பெண்கள் பேசப் பேச அது வெளிவந்தது, குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று, வன்புணர்வும் இனப்படுகொலையின் வடிவமாக இருக்க முடியும் என்று நவி பிள்ளையும் இருந்த அமர்வின் தீர்ப்பு உலகில் முதன்முறையாகச் சொன்னது.

அதே தீர்ப்பாயத்தின் அரசுத் தரப்பு வழக்கறிஞர் கார்லா டெல் பொன்ட்டே, போரில் வென்று ஆட்சிக்கு வந்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் கொலைகளையும் விசாரிக்கப் புறப்பட்டார். ருவாண்டா அரசு எதிர்த்தது. 2003இல் பாதுகாப்பு அவை அவரை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கியது. 2015இல் தீர்ப்பாயம் மூடப்படும் வரை முன்னணித் தரப்பில் ஒருவர்கூட அதன் கூண்டில் ஏறவில்லை. உலகத்துக்கே வழிகாட்டிய தீர்ப்பும், பாதி உண்மையை மூடிய மௌனமும் ஒரே கட்டடத்திலிருந்து வந்தன.

ரோமில் இந்தியா சொன்னது

1998 ஜூலை 17 அன்று ரோமில், நிரந்தரமான பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைக்கும் சாசனம் வாக்கெடுப்புக்கு வந்தது. 120 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா, சீனா, இஸ்ரேல் உள்ளிட்ட 7 நாடுகள் எதிர்த்தன. வாக்களிக்காமல் விலகி நின்ற 21 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இந்தியத் தூதுக்குழுவின் தலைவர் திலீப் லாகிரி முன்வைத்த காரணங்களில் இரண்டு இன்றும் வலுவானவை. வழக்கைப் பரிந்துரைக்கவும் நிறுத்திவைக்கவும் பாதுகாப்பு அவைக்கு அதிகாரம் கொடுப்பது ஐந்து வல்லரசுகளைச் சட்டத்துக்கு மேலே உட்காரவைப்பதாகும் என்பது முதலாவது. அணு ஆயுதப் பயன்பாட்டைப் போர்க்குற்றப் பட்டியலில் சேர்க்க மறுத்தது இரண்டாவது. முதல் எச்சரிக்கை அப்படியே பலித்தது. சூடானின் தார்பூர் (2005), லிபியா (2011) ஆகியவற்றைப் பாதுகாப்பு அவை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2014 மே மாதம் சிரியாவை அனுப்ப 13 நாடுகள் கை தூக்கியும் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோவால் தடுத்தன.

மூன்றாவது காரணம் அவ்வளவு உயர்ந்ததல்ல. ஒரு நாட்டின் எல்லைக்குள் நடக்கும் ஆயுத மோதலும் இந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருவதை இந்தியா விரும்பவில்லை. காஷ்மீரையும் வடகிழக்கையும் நினைவில் வைத்திருக்கும் டெல்லிக்கு இந்த அச்சம் இயல்பானது. ஈழத் தமிழர் விவகாரத்தில் டெல்லி எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் கீழே இந்த அச்சம் படிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டு மேடைகளில் இதைப் பற்றிப் பேச்சு வருவது அரிது.

ஜெனீவாவில் கை தூக்கிய கணக்கு

இலங்கை ரோம் சாசனத்தில் சேராத நாடு. ஆகவே 2009இல் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் நடந்தவை வழக்காக மாற வேண்டுமானால், கொழும்பு சம்மதிக்க வேண்டும். அல்லது வீட்டோ உள்ள பாதுகாப்பு அவை அனுப்ப வேண்டும். இரண்டும் நடக்காது என்பதால்தான் எல்லாமே ஜெனீவாவில் உள்ள மனித உரிமைகள் பேரவைக்கு வந்து சேர்ந்தது. அங்கே நடந்த வாக்கெடுப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அரசியலின் கைரேகை தெரியும்.

போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத 2009 மே 27 அன்று, கொழும்பைப் பாராட்டும் தொனியில் வந்த தீர்மானம் 29க்கு 12 என்ற வாக்கில் நிறைவேறியது. இந்தியா அதை ஆதரித்தது. 2011இல் ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த தாருஸ்மன் நிபுணர் குழுவின் அறிக்கை வெளிவந்தது. இறுதிக் கட்டத்தில் 40,000 குடிமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. அரசுப் படையின் எறிகணை வீச்சு, மருத்துவமனைகள் மீதான தாக்குதல் ஆகியவற்றோடு, விடுதலைப் புலிகள் மக்களைக் கேடயமாக நிறுத்தியதையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் அது நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாகப் பதிவு செய்தது.

2012 மார்ச்சில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2013இல் லயோலா கல்லூரி மாணவர்களின் உண்ணாநிலையிலிருந்து தமிழ்நாடெங்கும் போராட்டம் பரவியது. மார்ச் 19 அன்று தி.மு.க. மத்தியக் கூட்டணியை விட்டு வெளியேறியது. இரண்டு நாள் கழித்து இந்தியா மீண்டும் கொழும்புக்கு எதிராக வாக்களித்தது. மறு ஆண்டு, 2014 மார்ச் 27 அன்று, இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. தமிழ்நாட்டின் கோபம் அதற்குள் தணிந்துவிடவில்லை. மாறியது தீர்மானத்தின் உள்ளடக்கம். முந்தைய இரண்டும் கொழும்பு தானே விசாரிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவை. 2014ஆம் ஆண்டுத் தீர்மானம் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே வெளியிலிருந்து விசாரிக்க வழிசெய்தது. ஓர் உள்நாட்டுப் போரை வெளியார் விசாரிப்பதை டெல்லி அன்று ஏற்கவில்லை. 1998இல் ரோமில் சொன்ன மூன்றாவது காரணம் 16 ஆண்டுகள் கழித்து ஜெனீவாவில் திரும்பிவந்தது. 2021, 2022 தீர்மானங்களிலும் இந்தியா ஒதுங்கியே நின்றது.

அன்று ஆணையராக இருந்தவர் அதே நவி பிள்ளை. 2013 ஆகஸ்டில் அவர் இலங்கை சென்றபோது, ருவாண்டா தீர்ப்பாயத்தில் அவர் பங்கேற்று எழுதிய தீர்ப்பை யாரும் எடுத்துப் பேசவில்லை. அவர் பிறந்த இனத்தைச் சொல்லியே கொழும்பு அரசியல்வாதிகள் ஏசினார்கள். சான்றுக்குப் பதில் சொல்ல வழியில்லாதவர்கள் நீதிபதியின் பிறப்பைக் கேட்பது பழைய வழக்கம்.

திபெத்துக்கு நேர்ந்ததும் இதே கணக்குதான். ஐ.நா. பொதுச் சபை 1959இல் திபெத் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியபோது இந்தியா வாக்களிக்கவில்லை. சீனாவோடு நட்பு அன்று டெல்லியின் கொள்கை. 1960இல் ஜெனீவாவைச் சேர்ந்த பன்னாட்டு நீதிவல்லுநர் ஆணையத்தின் விசாரணைக் குழு, திபெத்தியரை ஒரு மதக் குழுவாக அழிக்கும் நோக்கில் இனப்படுகொலைச் செயல்கள் நடந்திருப்பதாக முடிவு சொன்னது. அந்தக் குழுவுக்குத் தலைவர் இந்திய வழக்கறிஞர் புருஷோத்தம் திரிகம்தாஸ். இந்திய வழக்கறிஞர் சொன்ன முடிவு இருந்தும் இந்திய அரசின் கை எழவில்லை. 1962 போருக்குப் பின், 1965இல் வந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியது இமயத்தின் எல்லை நிலவரம்.

அரசியல் கதவைத் திறந்த நேரங்கள்

இதையெல்லாம் பார்த்து, எல்லாம் நாடகம் என்று கைகழுவுவது எளிது. அது தவறு. கதவைச் சாத்தும் அதே அரசியல்தான் சில வேளைகளில் அதைத் திறக்கிறது. யூகோஸ்லாவியாவின் முன்னாள் அதிபர் மிலோசெவிச் 2001 ஜூன் 28 அன்று ஹேக்கில் இருந்த ஐ.நா. தீர்ப்பாயத்துக்கு அனுப்பப்பட்டார். மறுநாள் பிரஸ்ஸல்ஸில் அந்நாட்டுக்கு நிதி உதவி தரும் நாடுகளின் மாநாடு. பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் துதர்த்தே 2025 மார்ச் 11 அன்று மணிலா விமான நிலையத்தில் கைதாகி, அன்றே ஹேக்கில் உள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு விமானம் ஏற்றப்பட்டார். அப்போதைய அதிபர் மார்கோஸின் குடும்பமும் துதர்த்தே குடும்பமும் கூட்டணியாகவே இருந்திருந்தால் அந்தக் கைது நடந்திருக்காது. போதைப்பொருள் ஒழிப்பின் பெயரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு, கதவு எதனால் திறந்தது என்பது இரண்டாம் பட்சம். அது திறந்தபோது கொடுக்கச் சான்றுகள் தயாராக இருந்தன என்பதே முக்கியம்.

கதவு திறக்காத நேரங்களும் உண்டு. தார்பூர் குற்றங்களுக்காகப் பிடியாணை நிலுவையில் இருந்த சூடான் அதிபர் அல்-பஷீர் 2015 அக்டோபரில் இந்திய-ஆப்பிரிக்க மாநாட்டுக்கு டெல்லி வந்து திரும்பினார். 2023இல் பிடியாணை பெற்ற புதின் 2025 டிசம்பரில் டெல்லி வந்தார். இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு மீது 2024 நவம்பரில் பிடியாணை வந்ததை அடுத்து, அமெரிக்கா பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் மீதும் நீதிபதிகள் மீதும் பொருளாதாரத் தடை விதித்தது. ரஷ்யத் தலைவர் மீது ஆணை வந்தபோது வரவேற்ற அதே வாஷிங்டன்தான் இது.

இலங்கை விஷயத்திலும் சிறு திறப்புகள் இருக்கின்றன. 2015இல் ஆட்சி மாறியதும், வெளிநாட்டு நீதிபதிகள் பங்கேற்கும் நீதிப் பொறிமுறையைக் கோரும் ஜெனீவாத் தீர்மானத்துக்குக் கொழும்பே இணை அனுசரணை தந்தது. அது அமையவே இல்லை. 2020இல் கோட்டாபய அரசு அந்த உறுதியிலிருந்து விலகியது. அதே ஆண்டு மார்ச்சில், மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுத் தமிழரைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றிருந்த சார்ஜன்ட் ஒருவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தது. முன்னாள் ராணுவத் தளபதி ஜகத் ஜயசூரிய பிரேசிலில் தூதராக இருந்தபோது, 2017 ஆகஸ்டில் தென்னமெரிக்க நாடுகளில் அவர் மீது முறையீடுகள் தாக்கலாயின. அதற்குள் அவர் நாடு திரும்பிவிட்டார். 2025 மார்ச்சில் பிரிட்டன், சவேந்திர சில்வா, வசந்த கரன்னகொட, ஜயசூரிய ஆகிய மூன்று தளபதிகளோடு, புலிகளிலிருந்து பிரிந்த கருணா மீதும் தடை விதித்தது. தடை என்பது தண்டனை ஆகாது. ஆனால் பயணமும் வங்கிக் கணக்கும் சுருங்குகின்றன, பெயர் அரசுப் பதிவில் ஏறுகிறது.

நாகரபாவி வகுப்பறையும் நாடாளுமன்றமும்

பெங்களூர் நாகரபாவியில் இந்திய தேசிய சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பன்னாட்டுச் சட்டம் படித்து வெளியே வரும் மாணவர், ஒரு நாள் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று சொல்லி ஓர் இந்திய நீதிமன்றத்தில் வழக்கு நடத்த விரும்பினால் முடியாது. அப்படி ஒரு குற்றம் இந்தியச் சட்டப் புத்தகத்தில் இல்லை. இனப்படுகொலை உடன்படிக்கையில் இந்தியா 1959இல் சேர்ந்தது. அதைக் குற்றமாக்கும் சட்டத்தை இன்றுவரை இயற்றவில்லை. 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் சில போர்க்குற்றங்களை, இந்தியாவுக்கு வெளியே நடந்தவை உட்பட, தண்டிக்க இடம் தருகிறது. ஆனால் அரசே முறையிட்டால்தான் நீதிமன்றம் அதைக் கையில் எடுக்க முடியும். பாதிக்கப்பட்டவர் நேரே போய் நிற்க வழியில்லை. ஸ்பெயின் 2014இல் போட்ட பூட்டை இந்தியா தொடக்கத்திலேயே போட்டுவைத்திருக்கிறது.

இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியதும் ஒரு தமிழர். 1984 சீக்கியர் படுகொலையில் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்த 2018 டிசம்பர் 17 தீர்ப்பில், டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். முரளிதர், மானுடத்துக்கு எதிரான குற்றமும் இனப்படுகொலையும் நம் சட்டத்தில் இடம்பெறாத ஓட்டையை விரைவில் அடைக்க வேண்டும் என்று எழுதினார். அதன் பிறகு குற்றவியல் சட்டம் முழுவதையும் நாடாளுமன்றம் புதிதாக எழுதியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. ஓட்டை அப்படியே இருக்கிறது. அந்த நீதிபதியை ஐ.நா. 2025 இறுதியில் பாலஸ்தீனம் குறித்த விசாரணை ஆணையத்தின் தலைவராக நியமித்தது. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் நவி பிள்ளை.

ஈழத் தமிழருக்காகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2011 முதல் பல தீர்மானங்களை நிறைவேற்றியிருக்கிறது. பொருளாதாரத் தடை வேண்டும், பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்று அவை கேட்டன. ஆனால் இந்தியச் சட்டத்தில் இந்த இரண்டு குற்றங்களையும் சேர்த்து, பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் ஏற வழிசெய்யுங்கள் என்று தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒருமித்துக் கேட்டால், அது டெல்லியில் உண்மையிலேயே சூடு கிளப்பும். பைலகுப்பேயில் இருப்பவருக்கும் மண்டபம் அகதி முகாமில் இருக்கும் ஈழத் தமிழருக்கும் ஒரே சட்டம் உதவும். டெல்லி எளிதில் சம்மதிக்காது. ரோமில் சொன்ன மூன்றாவது காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

செம்மணியில் தோண்டியது

அரசுகள் மனம் மாறும் வரை செய்ய முடிந்த வேலை சான்றுகளைக் காப்பது. 2021ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் ஜெனீவாவில் ஒரு தனிப் பிரிவை வைத்து, இலங்கையில் நடந்தவற்றுக்கான சான்றுகளைத் திரட்டி, வகைப்படுத்தி, பாதுகாத்துவருகிறது. அதற்கு யாரையும் கூண்டில் ஏற்றும் அதிகாரம் இல்லை. எந்த நாட்டு நீதிமன்றமாவது கேட்டால் எடுத்துக் கொடுக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு அருகே செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டார்கள் என்று 1998இல் ஒரு ராணுவ வீரரே நீதிமன்றத்தில் சொன்னார். மறு ஆண்டு தோண்டி 15 உடல்களை எடுத்தார்கள், பிறகு கோப்பு உறங்கிவிட்டது. 2025 பிப்ரவரியில் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடைக் கட்டுமானத்துக்காகத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. நீதவான் மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. செப்டம்பருக்குள் 240 எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. ஒரு சிறு எலும்புக்கூட்டின் அருகே நீலநிறப் பள்ளிக்கூடப் பை கிடந்தது. தொல்லியலாளர்கள் அதை மண் தட்டி எடுத்து, படம் பிடித்து, எண் இட்டு, நீதிமன்றப் பொறுப்பில் ஒப்படைத்தார்கள்.